முப்பதாவது வேட்டை யாருக்காக?

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியையே ஆயுதமாகக் கொண்டு, இளையோர் கைகளில் உள்ள மின்னணு விளையாட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் சபித்துத் தள்ளுவோர் ஒரு சாரார். ‘விளையாட்டுத்தானே, இதற்கெல்லாம் ஒரு விசாரணையா?’ என்று கேட்டு நகர்ந்துவிடுவோர் மறு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர். விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்க்க இருவருக்குமே பொறுமை இல்லை. பாராமலே தீர்ப்புச் சொல்லும் இவ்வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். பார்த்துவிட்டு வழக்காடுவதே முறை.

நாம் வழக்குக்கு எடுத்துக்கொள்வது ஜப்பானில் பிறந்த ‘மான்ஸ்டர் ஹண்டர்’ என்னும் வேட்டை விளையாட்டு. ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்காம் நிறுவனம், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்காக 2004-ஆம் ஆண்டில் இதனை முதலில் வெளியிட்டது. 2005 டிசம்பரில் இது சோனி நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ கருவிக்கு வந்தது. அங்கேதான் அது வேரூன்றித் தழைத்தது. 2008-இல் ஜப்பானில் வெளிவந்த பதிப்பு, மறு ஆண்டில் ‘ஃப்ரீடம் யுனைட்’ என்னும் பெயரோடு பிற நாடுகளுக்குச் சென்றது. 2010 டிசம்பரில் வந்த ‘போர்ட்டபிள் தேர்டு’ 45 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவ நினைவுகளில் இடம்பெற்றுவிட்ட விளையாட்டு இது. எனவே, இதைப் பற்றிப் பேசுவது வீண்வேலை அன்று.

ஆட்டத்தின் இயல்பு

ஆடுபவர் ஒரு வேட்டைக்காரர். ‘ஃப்ரீடம் யுனைட்’ பதிப்பில் அவர் வாழ்வது பொக்கே என்னும் பனிமலைச் சிற்றூரில். கதையின் தொடக்கத்திலேயே டிகரெக்ஸ் என்னும் பெருவிலங்கு அவரைத் தாக்கி மலைச்சரிவில் வீழ்த்துகிறது. ஊரார் காப்பாற்றுகின்றனர். பின்னர் அவர் ஊரின் வேட்டைக்காரராகிறார். வேட்டை ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பமாக வருகிறது. பெரும்பாலான வேட்டைகளுக்கு 50 நிமிடமே கெடு. மூன்று முறை மயங்கி வீழ்ந்தால் வேட்டை தோல்வி.

கொன்ற விலங்கின் உடலை வேட்டைக்காரர் கத்தியால் அறுத்துச் செதில், நகம், எலும்பு, தோல் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். ஊர்க் கொல்லன் அவற்றைக் கொண்டு வாளும் கவசமும் செய்து தருகிறான். இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் பகையைக் கொல்லக் கொல்ல ஆடும் பாத்திரத்தின் வலிமை தானே ஏறிக்கொண்டு போகும். இங்கே அவ்வாறில்லை. ஆடுபவரின் தேர்ச்சியும், அவர் அணிந்திருக்கும் கவசமும், ஏந்தியிருக்கும் ஆயுதமுமே அவருடைய வலிமை. ஆகவே மேலும் வலிமை வேண்டுமென்றால் மேலும் உடல்கள் வேண்டும். இந்த ஒரு விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பொருந்தாத இரு குற்றச்சாட்டுகள்

இவ்விளையாட்டு இளைஞரை முரடராக்கும் என்பது வழக்கமாகக் கேட்கும் முதற்குற்றச்சாட்டு. ஆடிப் பார்த்தோர் இதனை ஏற்கமாட்டார்கள். முரட்டுத்தனம் இங்கே சில நொடிகளில் தோற்றுவிடும். வாள் மழுங்கும், அதைச் சாணைக்கல்லில் தீட்ட நேரம் ஒதுக்க வேண்டும். மருந்து குடித்தால் குடித்து முடிக்கும்வரை அசைய முடியாது. எதிரே நிற்கும் விலங்குக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் அளவுகோல் எதுவும் திரையில் இல்லை. அதன் நடையையும், திரும்பும் வேகத்தையும், சீற்றத்தையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். அவசரப்படுவோரை இது திருப்பி அனுப்புகிறது. பொறுமையோடு கவனிப்போர்க்கே வழிவிடுகிறது. இதனை முரட்டுத்தனம் என்பது தகாது.

இளைஞரை இது தனிமைப்படுத்தும் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ கருவியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அக்கருவிகள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொண்டது குறுகிய தூரத்துக்குள்தான். நால்வர் சேர்ந்து வேட்டைக்குப் போக வேண்டுமாயின் நால்வரும் ஓரிடத்தில் கூட வேண்டும். எனவே ஜப்பானின் பள்ளி மாணவரும் வேலைக்குச் செல்வோரும் உணவகங்களிலும் தேநீர்க்கடைகளிலும் மேசையைச் சுற்றி அமர்ந்தனர். நால்வர் சென்றாலும் மூன்று வீழ்ச்சி என்னும் வரம்பு நால்வருக்கும் பொதுவானது. வீழ்ந்தவர் யாராயினும் கணக்கு ஒன்றே. ஆகவே, தேர்ந்தவர்கள் தேராதவரைக் காத்து நிற்க வேண்டும். தம் மருந்தை அவருக்கும் பகிர வேண்டும். இதைக்காட்டிலும் எளிமையாகத் தோழமையைக் கற்பிக்கும் விதி வேறெந்த விளையாட்டில் உண்டு?

இவ்வளவும் அதன் பெருமை. இப்பெருமைகளை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. பிழையான குற்றச்சாட்டைச் சுமத்துவோர், உண்மையான குற்றத்தைத் தப்பவிடுகின்றனர் என்பதே நம் வருத்தம்.

உண்மையான குற்றம்

ஊருக்கு ஆபத்து வருகிறது. விலங்கைக் கொல்ல வேண்டியிருக்கிறது. இது முதல் வேட்டை. வணிகரின் வழியை மறித்த விலங்கு அகன்றது, ஊர் நிம்மதியடைந்தது. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆடுவோர் எவரும் முதல் வேட்டையோடு நிற்பதில்லை. நிற்கவும் விளையாட்டு விடுவதில்லை. ராத்தாலோஸ் என்னும் தீயுமிழும் பறக்கும் விலங்கின் கவசத்தை முழுமையாக்க ஒரு விலங்கின் உடல் போதாது. அரிதான உறுப்பு ஒன்று தேவைப்படும். உயர்நிலை வேட்டைகளில் ராத்தாலோஸின் சிவப்பு மணி அத்தகையது. நூறு முறை அறுத்தால் ஓரிரு முறை கிடைக்கும் என்னும் அளவில்தான் அதன் வாய்ப்பு. ஆகவே அதே விலங்கை, அதே காட்டில், பத்து முறை, இருபது முறை, முப்பது முறை கொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த முப்பதாவது வேட்டை யாருக்காக? ஊரின் ஆபத்து முதல் வேட்டையிலேயே தீர்ந்துவிட்டது. பசியும் இல்லை. பிறகு நடப்பவை அனைத்தும் ஒரு சட்டைக்காக. அச்சட்டையை அணிவதும் வேறொரு விலங்கைக் கொன்று வேறொரு சட்டை தைப்பதற்காக. தேவை எங்கே முடிந்தது, ஆசை எங்கே தொடங்கியது என்று ஆடுபவருக்குத் தெரியாதவாறு அவ்விரண்டையும் ஒரே நூலில் கோத்துவைத்திருக்கிறார்கள். இக்கோப்பைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

இதை ஆடுபவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. ஜப்பானிய வேட்டைப் பிரியர்களிடையே ‘புட்சுயோக்கு சென்சார்’ என்று ஒரு வேடிக்கைச் சொல் வழங்குகிறது. ‘பொருளாசையை மோப்பம் பிடிக்கும் கருவி’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். நாம் எந்த உறுப்பை விரும்புகிறோமோ அதை இயந்திரம் எப்படியோ உணர்ந்துகொண்டு, அதை மட்டும் தராமல் ஏய்க்கிறதாம். விரும்பாதவனுக்கோ முதல் அறுப்பிலேயே கிடைத்துவிடுகிறதாம். சிரிப்பதற்காகச் சொன்ன சொல்தான். ஆயினும் எவ்வளவு ஆழமான ஒப்புதல்! உண்மையில் அப்படி ஒரு கருவி இயந்திரத்துக்குள் இல்லை. அது இருப்பது ஆடுபவர் நெஞ்சில். அதை நாளும் தீட்டிக் கூர்மையாக்குவதுதான் இவ்விளையாட்டின் வேலை.

பெயரிட்டுக் கொல்லுதல்

‘மான்ஸ்டர்’ என்றால் அரக்க விலங்கு. ஆனால் திரையில் நாம் காண்பது அரக்கர்களை அல்ல. அவ்விலங்குகள் இரை தேடுகின்றன, உறங்குகின்றன, கூடு கட்டி முட்டையிடுகின்றன. அம்முட்டையைக் கூட்டிலிருந்து இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் வேட்டைகளும் இவ்விளையாட்டில் உண்டு. போப்போ என்னும் கம்பளி போர்த்த சாதுவான பெருவிலங்கு பனிமலையில் மேய்ந்துகொண்டிருக்கும். அதை வீழ்த்தி நாக்கை மட்டும் அறுத்துக் கொண்டுவரச் சொல்லும் விண்ணப்பமும் உண்டு. பிடிவாதக்கார இளவரசி ஒருத்தியின் விருப்பத்துக்காக வரும் விண்ணப்பமும் உண்டு.

உயிர் போகும் தறுவாயில் இவ்விலங்குகள் நொண்டுகின்றன. போரை விட்டுவிட்டு, நொண்டி நொண்டித் தம் இருப்பிடத்துக்குச் சென்று, காயம் ஆறுவதற்காகக் கண்மூடிப் படுக்கின்றன. தேர்ந்த வேட்டைக்காரர் அப்போது செய்வது என்ன? பின்தொடர்ந்து சென்று, உறங்கும் விலங்கின் தலைமாட்டில் வெடிமருந்துப் பீப்பாய்களை வைத்து வெடிக்கச் செய்கிறார். சிறந்த உத்தி என்று இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கற்பிக்கப்படுகிறது. கொல்லாமல் கண்ணி வைத்துப் பிடிக்கவும் வழி இருக்கிறது. ஆனால், பிடிபட்ட விலங்கின் செதில்களும் நகங்களுமே பரிசாக வந்து சேர்கின்றன. விலங்கு என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

உயிருள்ள ஒன்றை இவ்வாறு நடத்துவதற்கு முன் அதற்கு ஓர் இழிபெயர் இடுவது மனிதனின் பழைய வழக்கம். ஜப்பானின் வரலாற்றிலேயே இதற்கு நெஞ்சை உலுக்கும் சான்று ஒன்று உண்டு. தோக்கியோவுக்குத் தெற்கே பெருங்கடலில் தோரிஷிமா என்னும் எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாய் முட்டையிட வந்தன. தரையிலிருந்து விரைந்து எழும்ப அவற்றால் இயலாது. மனிதனைக் கண்டு ஓடவும் அவை அறியா. அதனால் அவற்றுக்கு ‘அஹோதோரி’ என்று பெயரிட்டனர். முட்டாள் பறவை என்பது அதன் பொருள். 1887-ஆம் ஆண்டு முதல் அத்தீவில் குடியேறியோர் தடிகளால் அடித்தே அவற்றைக் கொன்றனர். பஞ்சணைகளுக்கும் மெத்தைகளுக்குமாக இறகுகள் ஏற்றுமதியாயின. ஐம்பது இலட்சம் பறவைகளாவது மாண்டிருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 1949-இல் அவ்வினமே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1951-இல் அத்தீவில் பத்துப் பறவைகள் அளவில் மிஞ்சியிருப்பது தெரியவந்தது. பின்னர்ப் பல்லாண்டுக் காவலால் அவை மீண்டும் ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. முட்டாள் என்ற பெயர் யாருக்குப் பொருந்தியது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

வற்றாத காடு என்னும் பொய்

விளையாட்டின் காட்டுக்கும் தோரிஷிமாவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். தோரிஷிமா காலியாயிற்று. விளையாட்டின் காடு ஒருபோதும் காலியாவதில்லை. முப்பது ராத்தாலோஸ்களைக் கொன்ற பின்னும் முப்பத்தொன்றாவது அங்கே காத்திருக்கும். கூட்டிலிருந்து எத்தனை முட்டைகளை எடுத்தாலும் அடுத்த முறை முட்டை இருக்கும். ஆசைக்கு முடிவில்லாததைப் போலவே காட்டுக்கும் முடிவில்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. இதைவிடப் பெரிய பொய்யை எந்த விளையாட்டும் சொன்னதில்லை என்போம்.

ஜப்பானின் உண்மையான மலைகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அந்நாட்டின் ஓநாய் இனத்தில் கடைசியாக உறுதிசெய்யப்பட்டது 1905-இல் நாரா மாநிலத்தின் மலைப்பகுதியில் கிடைத்தது. அதன்பின் ஓநாயின் ஊளை அம்மலைகளில் ஓய்ந்தது. இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்ட ‘தோக்கி’ என்னும் செம்முகக் கொக்கினத்தில், ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் சாடோ தீவில் கூண்டுக்குள் இறந்தது. சீனாவிலிருந்து பெற்ற பறவைகளைக் கொண்டே அங்கு அவ்வினத்தை மீண்டும் வளர்க்க வேண்டியதாயிற்று.

வேட்டையே தீது என்று நாம் வாதிடவில்லை. வேட்டைக்கு ஒரு கண்ணியம் உண்டு. அதை அறிந்தோரும் அதே நாட்டில் உண்டு. வடக்கு ஹொன்ஷூவின் அகித்தா முதலிய மலைப்பகுதிகளில் ‘மத்தகி’ என்னும் மரபு வேட்டைக்காரர் வாழ்ந்துவந்தனர். அவர்களுக்குக் கரடி என்பது மலைத்தெய்வம் தரும் கொடை. கொன்ற கரடிக்கு முறைப்படி சடங்கு செய்த பின்னரே அதன் உடலைப் பகுத்தனர். யமகுச்சி மாநிலத்தின் நகாத்தோ கடற்கரையில், திமிங்கல வேட்டையால் வாழ்ந்த கயோய் என்னும் ஊர் இருக்கிறது. கொன்ற தாயின் வயிற்றில் கண்ட பிறவாத குட்டிகளை அவ்வூரார் அடக்கம் செய்து, 1692-ஆம் ஆண்டில் அவற்றுக்குக் கல்லறை எழுப்பினர். அது இன்றும் நிற்கிறது. நம் பங்குகளில் இறந்தோர் பதிவேடு இருப்பதுபோல, அவ்வூர்க் கோவிலில் திமிங்கலங்களுக்கென்றே ஒரு பதிவேடு இருந்தது. இறந்த மனிதர்க்கு இடும் மறுமைப்பெயர் அவற்றுக்கும் இடப்பட்டது.

கயோய் மக்கள் திமிங்கலத்தைக் கொல்வதை நிறுத்திவிடவில்லை. அவர்கள் உண்ண வேண்டியிருந்தது. ஆயினும் கொன்றதை மறக்க அவர்கள் மறுத்தார்கள். அவர்கள் வைத்திருந்தது கொன்ற உயிரின் கணக்கு. விளையாட்டும் கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு விலங்கையும் எத்தனை முறை வீழ்த்தினோம் என்று எண்ணிக் காட்டுகிறது. முன்னது இரங்கற்கணக்கு, பின்னது பெருமைக்கணக்கு. மத்தகியரையும் கயோய் மீனவரையும் முன்னோராகக் கொண்ட ஒரு நாடு, உலகத்து இளைஞருக்கு வேட்டையைக் கற்பிக்க வரும்போது அக்கல்லறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததே என்பது நம் ஆதங்கம்.

எழும் மறுப்புகள்

‘அவை உயிர்களா? வெறும் ஒளிப்புள்ளிகள்தாமே? ஒளிப்புள்ளிக்கு வலிக்குமா?’ என்று கேட்பார்கள். வலிக்காது. எந்த விலங்குக்கும் இவ்விளையாட்டு தீங்கு செய்யவில்லை என்பது உண்மை. நாம் கவலைப்படுவது ஆடுபவரைக் குறித்தே. ஆயிரம் மணி நேரம் ஒரு பழக்கத்தைக் கைக்குக் கொடுத்தால் அது மனத்துக்கும் இறங்கும். பொறுமையையும் தோழமையையும் இவ்விளையாட்டு கற்பிக்கிறது என்று அதன் அன்பர்கள் பெருமை பேசுகிறார்கள், நாமும் ஒப்புக்கொண்டோம். நல்லதைக் கற்பிக்க வல்லது தீயதைக் கற்பிக்க இயலாது என்று சொல்வது எப்படி?

‘விளையாட்டுக்குள் வேட்டையர் சங்கம் ஒன்று இருக்கிறதே, அளவுக்கு மீறிய வேட்டையை அது தடுக்கிறதே’ என்பது அடுத்த மறுப்பு. கதையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விண்ணப்பங்களை ஏற்று வழங்குவதும் அச்சங்கமே. ஆனால் முப்பதாவது முறை அதே விலங்கைக் கொல்லச் செல்லும் வேட்டைக்காரரை அச்சங்கம் ஒருநாளாவது வாசலில் நிறுத்தி, ‘போதும், திரும்பிப் போ’ என்றதுண்டா? சட்டம் ஏட்டில் இருக்கிறது. கதவோ எப்போதும் திறந்தே கிடக்கிறது.

‘காலம் மாறும்; விளையாட்டும் திருந்தும்’ என்று நம்புவோரும் உண்டு. நடந்ததைப் பார்ப்போம். 2018-இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டு’ 2 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. இணையம் வழியே உலகின் எந்த மூலையில் இருப்போரும் கூடலாம் என்றாயிற்று. எதிரெதிரே அமர்ந்த மேசை தேவையற்றதாயிற்று. 2023 செப்டம்பரில் நியான்டிக் நிறுவனத்தோடு சேர்ந்து கைப்பேசிக்கென வெளியிடப்பட்ட ‘மான்ஸ்டர் ஹண்டர் நவ்’ வந்தது. அதில் வெளியே நடந்து திரிய வேண்டும். நால்வர் கூடவும் வழி உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் 50 நிமிட வேட்டை அங்கே 75 நொடியாகச் சுருங்கிற்று. மருந்து காசுக்குக் கிடைத்தது. கொன்ற விலங்கிலிருந்து கூடுதல் உறுப்புகளைப் பெற்றுத்தரும் கத்தியும் காசுக்குக் கிடைத்தது. பொறுமை என்னும் நற்பண்பு குறைக்கப்பட்டது. அரிய உறுப்புக்கான ஆசை மட்டும் குறையாமல் காக்கப்பட்டு விலைப்பட்டியலும் பெற்றது. எதைக் கைவிட்டார்கள், எதைக் கைவிடவில்லை என்பதிலிருந்தே எது அவர்களுக்கு வருவாய் தருகிறது என்பது விளங்கவில்லையா?

நாம் கேட்பது

விளையாட்டைத் தடைசெய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. தடைசெய்வோர்க்கு அதைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆகவேதான் தடை எளிதாக இருக்கிறது. நாம் கேட்பது அதைவிடக் கடினமானது.

படைப்போரை நாம் கேட்பது இது: நீங்கள் வரைந்த விலங்குகள் அழகானவை. அவை நொண்டுவதை வரைய உங்களுக்கு மனம் வந்தது. எனவே உங்களிடம் இரக்கம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். அப்படியானால் ஒரே ஒரு விளையாட்டிலாவது காடு காலியாகட்டும். எடுத்த முட்டை அடுத்த பருவத்தில் இல்லாமற் போகட்டும். முப்பதாவது வேட்டைக்குப் புறப்படுபவரைச் சங்கம் ஒருமுறையேனும் தடுத்து நிறுத்தட்டும். விற்பனை குறையும் என்பீர்கள். குறையட்டும். தோரிஷிமாவின் இறகு வணிகரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பெற்றோரை நாம் கேட்பது இது: பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது அருகில் அமருங்கள். எந்த விலங்கு, எந்த ஊர், எதற்காக இவ்வேட்டை என்று கேளுங்கள். முதல் வேட்டைக்கான காரணத்தைப் பிள்ளை ஆர்வமாகச் சொல்லும். முப்பதாவது வேட்டைக்கான காரணத்தைக் கேட்கும்போது சற்றுத் தயங்கும். அத்தயக்கத்தை ஏளனம் செய்யாதீர்கள். ‘ஏற்கெனவே இருக்கிற சட்டை போதாதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, நம் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளை அங்கேயும் பார்க்கும் என்பதை மறவாதீர்கள்.

ஆடும் இளையோரை நாம் கேட்பது இது: நால்வர் கூடி ஆடுங்கள், தேராத தோழனைக் காத்து நில்லுங்கள், விலங்கின் நடையைக் கவனித்துக் கற்ற பொறுமையை வாழ்விலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நொண்டியபடி தன் கூட்டுக்குத் திரும்பும் அந்த வேளையில், பீப்பாயைக் கையில் எடுக்குமுன் ஒரு கணம் நின்று, இவ்வேட்டை ஊருக்காகவா சட்டைக்காகவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்காக அன்று என்று தெரிந்தால் அன்றைக்குக் கருவியை மூடிவையுங்கள். அவ்விலங்கு உறங்கட்டும்.